வழியோரம் வைத்த பை

ஃபிர்மான் இரண்டாவது கிண்ணம் காபியை ஊற்றிக்கொண்டபோது மணி ஏழேகால். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே மூடுபனிக்கு மேலே மார்லூஸ் குன்றின் உச்சி மட்டும், கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி தெரிந்தது. அவர் மனைவி லுசெத், அவித்த முட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“போதும், வெச்சிடு. ஒரு கிண்ணத்துக்கே வழியெல்லாம் நிப்பே நீ.”

“காபி குடிக்காம ஏறுனா அது நடையா? தண்டனை.”

“தண்டனை எனக்குத்தான். ஒவ்வொரு புதருக்கும் நானில்ல காவல் நிக்கணும்?”

அவர் சிரித்துக்கொண்டே பாதியைக் குடித்தார். மீதியை மேஜையில் வைத்துவிட்டு பூட்ஸ் மாட்டிக்கொள்ள வாசலுக்குப் போனார். வந்து கழுவிக்கொள்ளலாம் என்று அவள் கிண்ணத்தை அப்படியே விட்டாள்.

அணைந்துபோன எரிமலைகள் வரிசையாக நிற்கும் அந்த வட்டாரத்தில், ஏறிப் பார்க்கக் குன்றுக்குப் பஞ்சமில்லை. ஊரின் நடைக் குழு ஞாயிறுதோறும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கிளம்பும். முன்னால் போகிறவர் எத்தியென், ஓய்வுபெற்ற தபால்காரர். எந்தப் பண்ணை நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடைசியில் வருகிறவள் லுசெத். அந்த இடத்துக்கு ஒரு பெயரே உண்டு: வரிசை மூடுகிறவள். கையில் ஆரஞ்சுப் பட்டை, கழுத்தில் விசில். வேலை ஒன்றே ஒன்றுதான். அவளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒன்பது வருடங்களில் அவள் ஒருவரைக்கூடத் தாண்டிப் போனதில்லை. மூட்டு வலிக்காரர்களோடும், புகைப்படப் பைத்தியங்களோடும், ஒருமுறை புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்ட ஒருத்தியோடும் பொறுமையாக நின்றிருக்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த நடைக்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒதுங்க வேண்டியவர் யாரிடமும் சொல்ல மாட்டார். முதுகுப்பையைக் கழற்றிப் பாதையோரத்தில் வைத்துவிட்டுப் புதருக்குள் போவார். பை இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். வரிசை மூடுகிறவள் அந்தப் பையின் பக்கத்தில், புதருக்கு முதுகு காட்டி, அவர் வரும்வரை நிற்க வேண்டும். வந்தபின் ஒன்றும் கேட்கக் கூடாது. வானிலையைப் பற்றி ஏதாவது பேசலாம்.

அன்று ஃபிர்மானின் பை முதலில் மேய்ச்சல் நிலத்து வாயிற்கதவருகே கிடந்தது. அடுத்து, பீச் மரக்காடு தொடங்குமிடத்தில். இரண்டு முறையும் மொத்த வரிசையும் நின்றது.

“ஃபிர்மான் இன்னிக்கு ஹேசல் புதருக்கெல்லாம் தண்ணி பாய்ச்சுறாரு,” என்று எத்தியென் மேலேயிருந்து குரல் கொடுத்தார். “இந்த வருஷம் கொட்டை காய்ச்சுத் தள்ளப் போகுது!”

“எங்க குடும்பத்துல யாருமே கஞ்சத்தனம் பண்ண மாட்டோம்,” என்றாள் ஜோசியான். ஃபிர்மானின் தங்கை. எப்போதும் லுசெத்துக்கு முன்னால், கடைசிக்கு முந்தின ஆளாக நடப்பாள். அண்ணியோடு வம்பளக்க வசதி.

எல்லோரும் சிரித்தார்கள். புதரை விட்டு வந்த ஃபிர்மானும் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துச் சிரித்தார். ஆனால் நகரத்திலிருந்து முதல்முறையாக வந்திருந்த ஒரு தம்பதியில் அந்தப் பெண் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். லுசெத்துக்குக் காது வரை சூடேறியது. நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனை நினைத்து, முன்பின் தெரியாத ஒருத்தியின் கடிகாரத்தை முன்னிட்டு அவள் வெட்கப்பட்டாள்.

மூன்றாவது முறை பை கிடந்தது, காட்டுக்குள் பாதை வளைந்து வளைந்து ஏறுகிற பகுதியில். ஒரு திருப்பத்தைப் போலவே அடுத்த திருப்பமும் இருக்கும். சிவப்புச் சரளை, பீச் மரம், ஹேசல் புதர். லுசெத் பைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். முன்னால் போனவர்களின் பேச்சு மேலே ஏறித் தேய்ந்துபோனது. மேலேயிருந்து எத்தியெனின் விசில் கேட்டது. அந்தப் பெண் மறுபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று லுசெத்துக்குத் தோன்றியது.

அவள் குனிந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஃபிர்மான்! பையை நான் எடுத்துட்டுப் போறேன். நீ துரை மாதிரி கைவீசிட்டு வா!”

பதில் வரவில்லை. ஏதோ பறவை சருகைக் கிளறியது. முணுமுணுக்கிறார், கோபம், இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் நடந்தாள்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. மூடுபனி கலைந்து, வடக்கே குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை முதுகு காட்டி நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழி. எத்தியென் கைத்தடியால் ஒவ்வொன்றாகச் சுட்டிப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“எல்லாரும் வந்தாச்சா?”

லுசெத் ஃபிர்மானின் பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

“வந்தாச்சு! பை வந்துடுச்சு, ஆளு பின்னாலயே வருவாரு.”

நல்ல சிரிப்பு கிடைத்தது. அந்த நகரத்துப் பெண்கூடச் சிரித்தாள். லுசெத்துக்கு அது இதமாக இருந்தது. புல்லில் உட்கார்ந்து முட்டைகளை உரித்தாள், பாலாடைக்கட்டியை நறுக்கினாள், அவர் பங்கைத் தாளில் தனியாக எடுத்து வைத்தாள். அரை மணி நேரம் போயிருக்கும். ஜோசியான்தான் முதலில் கேட்டாள். “என்ன, அண்ணன் அங்கேயே குடியேறிட்டானா?”

இறங்கினார்கள். கூப்பிட்டார்கள். எந்தத் திருப்பம் என்று எத்தியென் கேட்டபோது லுசெத்தால் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்து, எரிச்சலோடு நடந்து வந்தவள் அவள். அடையாளத்துக்கென்று அவர் பாதையில் விட்டுப்போன ஒரே பொருள் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

“பை எப்படி உன் கைக்கு வந்துச்சு?” என்று எத்தியென் கேட்டார்.

“அவருதான் குடுத்தாரு,” என்றாள் லுசெத். “களைப்பா இருக்குன்னாரு. ‘நீ போ, நான் வர்றேன்’னாரு.”

அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று அவளுக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. வாய் திறந்தது, அவை தயாராக இருந்தன.

கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எத்தியென்தான் கண்டார். ஃபிர்மான் புதருக்கு அந்தப்புறம் குப்புறக் கிடந்தார். மற்றவர்கள் வருவதற்குள் எத்தியென் அவரைப் புரட்டி, கால்சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். லுசெத் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மலையேறி வந்த மருத்துவர் மாரடைப்பு என்றார். உயிர் உடனே போயிருக்குமா என்று ஜோசியான் கேட்டாள். அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். “சொல்ல முடியாதும்மா.”

அடக்கத்தின்போது தேவாலயத்து வாசலில் எத்தியென் பேசினார். தபால்காரர் அதிகம் பேசுகிறவரல்ல. “அவருக்குக் களைப்புன்னதும் பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டா லுசெத். கல்யாணம்னா இதுதான்னு எனக்குத் தோணுது,” என்றார். கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரொட்டிக் கடையில், மருந்துக் கடையில், கல்லறைத் தோட்டத்துக் குழாயடியில், எல்லா இடத்திலும் அதையே சொன்னார்கள். பையை நீ சுமந்தாயே. லுசெத் தலையைக் குனிந்துகொள்வாள். அது தன்னடக்கம் என்று எண்ணிக்கொண்டார்கள். முகத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பாள். இந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாளில் ரொட்டி வாங்கப் பக்கத்து ஊருக்குப் போகத் தொடங்கினாள்.

ஜோசியான் மட்டும் பையைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. வாரத்துக்கு ஒருமுறையாவது வருவாள், மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள்.

“எப்படிச் சொன்னான், சொல்லு. சிரிச்சிட்டா?”

“சாதாரணமாத்தான்.”

“‘நீ போ, நான் வர்றேன்.’ அவனேதான். சின்ன வயசுல பள்ளிக்கூடம் போறப்பவும் அப்படித்தான் சொல்லுவான். சொல்லிட்டு வரவே மாட்டான், ராஸ்கல்.”

லுசெத் எழுந்து போய் அடுப்பில் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கிளறுவாள்.

பிப்ரவரியில் எத்தியென் ஒரு தாளோடு வந்தார். உச்சியில் ஒரு மர இருக்கை போட நகராட்சி சம்மதித்திருந்தது. அதன் முதுகில் ஒரு பலகை பதிப்பதாகக் குழு முடிவு செய்திருந்தது. உலோகமல்ல. அந்த ஊரில் எந்தக் குன்று எங்கே என்று காட்டும் காட்சிமுனைத் திசைப்பலகைகள் எதிலே செய்யப்படுகின்றனவோ அதிலேயே. எரிமலைக் கல்லை அறுத்து, எனாமல் பூசி, எழுதி, சூளையில் சுட்டு. நூறு வருஷ மழையும் பனியும் அந்த எழுத்தை ஒன்றும் செய்யாது. தாளில் மாதிரி வரைந்திருந்தது. ஃபிர்மானின் பெயர். கீழே, நீல எழுத்தில்: நீ போ, நான் வர்றேன்.

“ஜோசியானோட யோசனை,” என்றார் எத்தியென். “உனக்குச் சம்மதம்தானே?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மேஜைக்கு இந்தப்புறம் அவள், அந்தப்புறம் அவர், நடுவில் ஒரு தாள். கல் இன்னும் சூளைக்குப் போகவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறமாதிரி நேரம் கடத்தினாள். பிறகு, “எழுத்து அழகா இருக்கு,” என்றாள்.

வருடம் திரும்பி மே மாதத்து அதே ஞாயிறு. பதினாறு பேர் கூடியிருந்தார்கள். எத்தியென் ஆரஞ்சுப் பட்டையை எடுத்து வந்து அவள் கையில் தானே கட்டிவிட்டார். “உன்னை மாதிரி வரிசை மூட இந்த வட்டாரத்துல ஆள் கிடையாது.” ஜோசியான் பலகையைத் துண்டில் சுற்றித் தன் பைக்குள் வைத்திருந்தாள். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

மேய்ச்சல் நிலத்தைத் தாண்டினார்கள். காட்டுக்குள் நுழைந்தார்கள். சரளை காலடியில் நொறுங்கியது. ஜோசியான் மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் போனாள்.

“உயிரோட இருந்தப்பவும் கனம், இப்பவும் கனம். சாப்பாடு கொஞ்சமாப் போட்டிருந்தா என்னவாம் நீ?”

லுசெத் நடையைத் தளர்த்தினாள். இடம் வந்துவிட்டது. இப்போது அவளுக்கு அந்தத் திருப்பம் நன்றாகத் தெரியும். குளிர்காலம் முழுக்கக் கனவில் ஏறியிருக்கிறாள். இன்னும் இருபது நிமிஷத்தில் உச்சி. உச்சியில் துளைபோடும் கருவியோடு எத்தியென். திருகாணி இறுகிவிட்டால், காட்சி பார்க்க வருகிறவர்களெல்லாம் அவளுடைய பொய்யில் முதுகு சாய்த்துக்கொண்டு மலைகளைப் பார்ப்பார்கள்.

“ஜோசியான், நில்லு.”

“என்ன, உனக்கும் புதர் வேணுமா? பையை வை. நான் நிக்கிறேன்.”

“இங்கதான் இருந்துச்சு.”

“எது?”

“அவரோட பை. இந்தக் கல்லு மேல சாய்ச்சு வெச்சிருந்தாரு.”

ஜோசியான் நெற்றியைச் சுருக்கினாள். “உன் கையில இல்ல குடுத்தான்?”

“குடுக்கல. வெச்சிட்டு உள்ள போயிருந்தாரு. நான் எடுத்துட்டுப் போயிட்டேன்.”

“அவன் சொன்னதுக்கப்புறம்தானே எடுத்தே? ‘நீ போ’ன்னு—”

“அவரு ஒண்ணும் சொல்லல. நான்தான் கத்தினேன். பதில் வரல. பதில் வராமலே கிளம்பிட்டேன். அந்த வார்த்தை... அது நான் சொன்னது, ஜோசியான். எல்லாரும் கேட்டப்ப என் வாயில வந்துச்சு.”

மேலே விசில் ஊதியது.

“துரை மாதிரி கைவீசிட்டு வான்னு கத்துனே,” என்றாள் ஜோசியான்.

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. அதோ அந்த வளைவுல நின்னு சிரிச்சேன். அவன் என்னமோ பதில் சொல்லியிருப்பான், எனக்குத்தான் கேக்கலன்னு நினைச்சேன். அப்புறம் நீ அந்த வார்த்தையைச் சொன்னே. சரிதான், எனக்குக் கேக்காம போனது அதுதான்னு வெச்சுக்கிட்டேன். ஒரு வருஷமா அதை வெச்சுக்கிட்டுத்தான்டி தூங்குறேன்.”

“தெரியும்.”

“தெரியுமா? தெரிஞ்சேவா என்னை அத்தனை தடவை கேக்க விட்டே?”

திட்டுவாள், அடிப்பாள் என்று லுசெத் எதிர்பார்த்தாள். ஜோசியான் பையின் வார்களை இறுக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

“எனக்குச் சொல்லிட்டே. மேல இருக்கறவங்களுக்கு?”

“சொல்றேன்.”

“அப்ப நீ முன்னால போ.”

லுசெத் முன்னால் போனாள். பின்னால் ஜோசியானின் காலடி விடாமல் வந்தது. ஒன்பது வருஷத்தில் அந்தப் பாதையில் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் நடக்கும் சத்தத்தை அவள் கேட்டதேயில்லை.

உச்சியில் புது இருக்கை தயாராக நின்றது. யாரோ உலர்பழம் போட்டுச் சுட்ட ரொட்டியைப் புல்லில் விரித்த துணிமேல் வைத்திருந்தார்கள். எத்தியென் திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருந்தார். அவற்றை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“எல்லாரும் வந்தாச்சா?”

“போன வருஷம் வரல,” என்றாள் லுசெத்.

அவர் விளையாட்டு என்று நினைத்துப் புன்னகைத்தார். அவள் தொடர்ந்து சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. பை கல்லின் மேல் இருந்தது, நான் எடுத்தேன், காத்திருக்கவில்லை, பொய் சொன்னேன். காற்றில் குரல் போய்ச் சேரவில்லை என்று ஒருவர் “என்ன?” என்று கேட்டார்; அவள் மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது தடவைதான் கொடுமை. கடிகாரத்தால்தான் என்று அவள் சொல்லவில்லை. அந்த நகரத்துப் பெண் இப்போது குழுவில் ஒருத்தி. சூடான காபிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எத்தியென் திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“யாரையும் தாண்டிப் போகக் கூடாது. அது ஒண்ணுதானே, லுசெத், வேலை?”

“ஆமா.”

“நான் தேவாலயத்துல என்னென்னவோ பேசினேன்.”

“ஆமா.”

அவர் குன்றுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கழுத்து சிவந்திருந்தது. லுசெத் பட்டையை அவிழ்த்து நீட்டினாள். வாங்க யாரும் கை நீட்டாததால் இருக்கையின் மேல் வைத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் ரொட்டியை அறுக்க ஆரம்பித்தார். எல்லோரும் ஆளுக்கொரு துண்டு வாங்கித் தின்றார்கள். லுசெத்துக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவளும் தின்றாள்.

“பலகையை என்ன செய்யலாம்?” என்று எத்தியென் ஜோசியானிடம் மெதுவாகக் கேட்டார்.

“என் பையில இருக்கு. இருக்கட்டும்,” என்றாள் ஜோசியான்.

இறங்கும்போது அவள் லுசெத்தோடு பேசவில்லை. அடிவாரத்தில் காரின் பின்கதவைத் திறந்து, பையைப் படுக்க வைத்து, மேலே தன் மழைச்சட்டையைப் போர்த்தி மூடினாள். அந்தப் பலகை இப்போது எங்கே இருக்கிறது என்று லுசெத் கேட்டதில்லை.

குழுவிலிருந்து யாரும் அவளை விலக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து எத்தியென் தொலைபேசியில் கூப்பிட்டு, “ஞாயித்துக்கிழமை ஏழரைக்கு,” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவள் போனாள். இப்போது வரிசையின் நடுவில் நடக்கிறாள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஆரஞ்சுப் பட்டை ஜோசியானின் கையில். இருவரும் காலையில் கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். மழை வருமா என்று பேசிக்கொள்கிறார்கள். ரொட்டியை அவள் உள்ளூர்க் கடையிலேயே வாங்குகிறாள். யாரும் எதையும் புகழ்வதில்லை.

வாரநாட்களில் சில சமயம் லுசெத் தனியாக மார்லூஸுக்குப் போவாள். உச்சிவரை ஏறுவதில்லை. காடு நிறைய மாறிவிட்டது. ஒரு பெருமழையில் மேல் திருப்பம் சரிந்து, புதுக் கட்டைகள் அடித்திருக்கிறார்கள். பழைய பீச் மரங்கள் நான்கைந்தை வெட்டி எடுத்துவிட்டதால் வெளிச்சம் வேறு மாதிரி விழுகிறது. அந்தக் கல்லைக்கூட யாரோ புரட்டிப் போட்டுவிட்டார்கள். அவள் பாதையின் விளிம்பில் கால் வைத்து, அங்கிருந்து அவர் கிடந்த புதர் வரை காலடிகளை எண்ணி நடந்து, திரும்பி வருவாள்.

போகும்போது பதினொரு எட்டு. வரும்போதும் பதினொன்றுதான்.